பதினாறாம் நாள் ஊசி

1981 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. காலை மணி 7.40.

ஏழாங்கட்டைத் தோட்டத்தின் தொழிலாளர் வரிசை வீடுகளான மூன்றாவது லயத்துக் குழாயடியில், நிரம்பிய குடத்தைத் தூக்கக் குனிந்த காளியம்மா நிமிரவே இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை அப்படியே சிமெண்டுத் தரையில் சாய்ந்தாள். உடம்பெல்லாம் வியர்வை, கண் மேலே செருகியிருந்தது, பல் கிட்டிப் போயிருந்தது. வலிப்பு என்று நினைத்து யாரோ ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். விரல்கள் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு இன்சுலின் ஊசி போட்டிருந்தார்கள். போட்டவள் ஈப்போவிலிருந்து வந்த நர்ஸ் நல்லம்மாள். பிள்ளையை லாரியில் ஏற்றி ஈப்போவுக்கு அனுப்பிய கையோடு, லயத்து ஆட்கள் நல்லம்மாளை மருந்து ஸ்டோரில் தள்ளி வெளியே பூட்டினார்கள். கதவுக்கு முன்னால் கத்தியோடு நின்றவன் காளியம்மாவின் தகப்பன் ஜெயபாலன்.

காலை மணி 8.50.

போலீஸ் ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியது இன்ஸ்பெக்டர் பத்துமலையின் தொப்பை. அதற்குப் பிறகுதான் அவர். வயது நாற்பத்தாறு, பிறந்தது இதே மாதிரி ஒரு தோட்டத்து லயத்தில். போன வருடம் அவருக்குச் சர்க்கரை வியாதி, அதாவது இனிப்புநீர், என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுவதில்லை. மதியத்துக்கு மனைவி வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தனுப்பினாள். அதனால் மனுஷனுக்கு எப்போதும் பசி, எப்போதும் எரிச்சல். மூக்கு மட்டும் முன்னைவிட நன்றாக வேலை செய்தது.

"கத்தியைக் கீழ போடு, ஜெயபாலன்."

"எம்மக செத்தா இவளும் சாவணும்யா."

"செத்தா பார்ப்போம்லா. இப்ப கீழ போடு."

கத்தி கீழே விழுந்தது. பத்துமலை பூட்டைத் திறக்கச் சொன்னார்.

உள்ளே பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் நல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். வயது இருபத்தெட்டு. வெள்ளைச் சட்டையின் ஒரு கை கிழிந்து தொங்கியது. அழுது முடித்திருந்தாள்.

"ஊசி போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"எவ்வளவு?"

"இருபது யூனிட். டாக்டர் சொக்கநாதன் எழுதுன சீட்டு பையில இருக்கு."

"முந்தி எவ்வளவு?"

"பத்து. பதினஞ்சு நாளா டிரசர் ஐயா போட்டாரு. ஆனா ஒன்னுக்குல இனிப்பு எறங்கவே இல்ல. தினம் காலையில ஆயா அந்தப் பிள்ளைகிட்ட பாட்டில்ல வாங்கியாந்து கொடுக்கும், டிரசர் அதை நீலத் தண்ணியில விட்டுக் காய்ச்சிப் பார்ப்பாரு, தினமும் செங்கல் நெறமா மாறும். அதான் டாக்டர் ரெண்டு மடங்காக்கி, நீயே போய்ப் போடுன்னு என்னை நேத்து சாயங்காலம் அனுப்புனாரு. புது மருந்து நாலு பாட்டில் கொண்டாந்தேன். ஐஸ்பெட்டியில வச்சுப் பூட்டி சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டேன்."

"பழைய பாட்டில்?"

"எல்லாத்தையும் எடுத்துப் பையில வச்சிருக்கேன். தீந்ததோ தீராததோ, திருப்பிக் கொடுக்கணும். டாக்டர் சட்டம்." பிறகு மெதுவாகக் கேட்டாள். "சார், அந்தப் பிள்ளை போயிட்டா எனக்கு ஜெயிலா?"

பத்துமலை மனதுக்குள் கணக்குப் போட்டார். ஊசி போட்ட ஒரு மணி நேரத்தில் பிள்ளை விழுந்திருக்கிறது. வெளியே ஐம்பது பேர் நிற்கிறார்கள். வழக்கு எழுத அது போதும். ஆனால் பத்து யூனிட்டைப் பதினைந்து நாள் சும்மா தாங்கிய உடம்பு, இருபதுக்கு இப்படி விழுமா என்பது அவருக்கு இடித்தது.

இந்த ஊசிக்கெல்லாம் காரணம் டாக்டர் சொக்கநாதனின் ஆராய்ச்சி. தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் ஏன் இந்த வயதில் குண்டாகிறார்கள், சிலருக்கு ஏன் பெரியவர்களின் நோயான இனிப்புநீர் வருகிறது என்று மூன்று வருடமாகப் பேராக்கில் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தார். பிள்ளைகளை எடை போடுவார், என்ன தின்றாய் என்று எழுதுவார், வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார். இங்கே மூன்று வாரத்துக்கு முன் முப்பத்தொரு பிள்ளைகளிடம் எடுத்தார். முப்பது குப்பி சரியாக இருந்தது. ஒன்றில் மட்டும், நூறு இருக்க வேண்டிய இடத்தில் இனிப்பு நானூற்றுப் பத்து. அந்தக் குப்பியில் ஒட்டியிருந்த பெயர் காளியம்மா. தோட்டத்திலேயே குண்டுப் பிள்ளை அவள்தான் என்பதால் யாருக்கும் ஆச்சரியமாக இல்லை.

காலை மணி 9.10.

ஆஸ்பத்திரி ஆயா செல்லாயி இன்ஸ்பெக்டருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாற்பது வயதுக்காரி, பன்னிரண்டு வருடமாக இங்கே சிரிஞ்சு காய்ச்சுகிறாள், பாட்டில் கழுவுகிறாள்.

"சீனி போடாத, அக்கா."

"தெரியும்யா. ஜீப் டிரைவர் தம்பி சொன்னுச்சு."

பத்துமலை ஐஸ்பெட்டியைத் திறந்து, புது மருந்து நான்கு பாட்டிலையும் எடுத்து, நல்லம்மாளின் ஐஸ் குடுவையில் வைத்து மூடினார்.

"ஐயா, அது வெயில் பட்டா கெட்டுப் போயிரும்யா," என்றாள் செல்லாயி. "ஐஸ்பெட்டியிலயே இருக்கட்டுமே."

"சாட்சிப் பொருள்க்கா. எங்கூடத்தான் இருக்கணும்."

குடுவை ஜீப்புக்குப் போனது. செல்லாயி தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்து, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஊசி போடும் டிரசர் ராமையா. இருபத்திரண்டு வருடம் இந்த ஆஸ்பத்திரியை ஆண்டவர். சின்னப் பெண் ஒருத்தி வந்து ஐஸ்பெட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டது அவருக்கு இன்னும் ஆறவில்லை. பொடி மட்டையைத் திறந்து இரண்டு மூக்கிலும் ஏற்றிக்கொண்டுதான் பேசினார்.

"நான் போட்டவரைக்கும் பிள்ளைக்கு ஒரு சூசாவும் இல்ல, ஒரு தொந்தரவும் இல்ல. நீங்களே பாருங்க."

"மருந்தை ஐஸ்பெட்டியிலேருந்து எடுக்கிறது?"

"ஆயா. சிரிஞ்சு, பஞ்சு, மருந்து எல்லாத்தையும் தட்டுல வச்சு நீட்டும். நான் இழுத்துக் குத்துறதோட சரி. இத்தனை வருஷம் அப்படித்தான்லா ஓடுது."

"மருந்து வெளியே எங்கியும் போச்சா? ஈப்போல இன்சுலினுக்கு நல்ல வெலையாமே."

ராமையாவின் முகம் கறுத்துவிட்டது. "என்னையவா கேக்குறீங்க?"

அப்போது சுவரில் இருந்த டெலிபோன் அடித்தது. மறுமுனையில் டாக்டர் சொக்கநாதன். பத்துமலை சத்தமாகத் திரும்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். "காளியம்மா இன்னும் முழிக்கல... சரி... என்னது, எல்லாப் பிள்ளைங்களுக்குமா? ஒன்னுக்கு டெஸ்டு, உங்க கண்ணு முன்னால... சரி, பன்னெண்டு மணிக்கு வாங்க டாக்டர். பிள்ளைங்கள வரச் சொல்றேன்."

போனை வைத்தபோது மணி 9.35. கழுவிய கிளாஸ்களைத் துடைத்து வைத்துவிட்டு, தலை வலிக்கிறது என்று டிரசரிடம் சொல்லி செல்லாயி வீட்டுக்குப் போனாள். காலையிலிருந்து நடந்த கூத்தில் எல்லோருக்கும்தான் தலை வலித்தது.

காலை மணி 10.15.

ஜெயபாலனை நர்ஸின் கண்ணிலிருந்து அப்புறப்படுத்துவதே நல்லது என்று பத்துமலை அவனை அழைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார். பின்பக்கத்து அடுப்படிகளை ஒட்டி ஒரு சந்து உண்டு. ரப்பர்ப் பால் மரங்களை வெட்டி, எண்ணெய்ப் பனையான செம்பனை நட்ட பிறகு நிழல் போய், வெயில் நேராக மண்டையில் இறங்கியது.

"என்னா சாப்பிடுவா உம் மக?"

"சாப்பாட்டுக்குக் குறை வச்சதில்லய்யா. சின்னதுல நாங்க ரெண்டு பேரும் மரம் சீவப் போயிருவோம். டின் பாலுதான். இப்பவும் ரொட்டில டின் பால ஊத்திக் கொடுத்தாத்தான் எறங்கும். போன வாரம் எடை போட்டு, மூணு ராத்தல் கூடிருச்சுன்னு டாக்டர் ஐயா ஏசுனாரு."

பத்துமலை அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். எழுதும்போதே கவனம் சிதறியது. வரிசையின் கடைசிக்கு முந்திய அடுப்படியில் கடுகு வெடித்தது, காய்ந்த மிளகாய் கமறியது, கருவாடு வறுபட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சமையல். மனுஷன் அங்கேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டார். உள்ளே ஒரு சின்னப் பெண்ணின் குரல், "இன்னுங் கொஞ்சம் தண்ணி," என்றது. பத்துமலையின் வயிறு வெட்கமில்லாமல் சத்தம் போட்டது.

ஜெயபாலனை அவன் வீட்டில் விட்டுவிட்டு முன்பக்கமாகத் திரும்பினார். கடைசிக்கு முந்திய வீட்டு வாசலில் புது வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. அம்மை. பத்துமலை காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டு, ஒதுங்கி நடந்தார். போலீஸ்காரரானாலும் ஆத்தா இறங்கியிருக்கும் வீட்டுக்கு முன்னால் பூட்ஸோடு நடக்க அவருக்கு வராது.

பகல் மணி 12.10.

டாக்டர் சொக்கநாதன் காரை விட்டு இறங்கும்போதே சொன்னார். "கண்ணு முழிச்சிட்டா. சீனித் தண்ணி ஏத்தினோம். பிழைச்சுக்குவா."

ஜெயபாலன் தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதான். பத்துமலைக்கும் அப்போதுதான் மூச்சு சரியாக வந்தது.

நல்லம்மாளின் பையிலிருந்த பழைய பாட்டில்களில் ஒன்று மேசைக்கு வந்தது. பாதி மருந்து மிச்சமிருந்தது. டாக்டர் ரப்பர் மூடியைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார். ஜீப்பிலிருந்த புதுப் பாட்டிலை வரவழைத்து அதையும் முகர்ந்தார். பிறகு இரண்டையும் இன்ஸ்பெக்டரின் மூக்குக்கு நீட்டினார்.

புதிதில் குப்பென்று மருந்து நெடி அடித்தது. பழையதில் ஒன்றுமே இல்லை.

"தண்ணி," என்றார் டாக்டர். "காய்ச்சின தண்ணி. டிரசர் எப்படி இதைக் கவனிக்காம இருந்தாரு?"

"அவரு மூக்குல பொடியைத் தவிர எதுவும் ஏறாது, டாக்டர்."

"அப்ப பதினஞ்சு நாளா இந்தப் பிள்ளைக்கு மருந்தே போகல. அதான் ஒன்னுக்குல இனிப்பு குறையல."

பத்துமலை குறிப்புப் புத்தகத்தைத் திருப்பினார். "நானூத்துப் பத்து இனிப்பு இருக்கிற பிள்ளை, பதினஞ்சு நாள் மருந்தில்லாம இருந்தா என்னா ஆகும்?"

"உருகிப் போயிரும். எலும்பும் தோலுமா..." டாக்டர் பாதியில் நிறுத்தினார்.

"இந்தப் பிள்ளைக்கு மூணு ராத்தல் கூடியிருக்கு. நீங்கதான் ஏசுனீங்களாம்." பத்துமலையின் குரலில் எரிச்சல் ஏறியது. "காளியம்மாவுக்கு இனிப்புநீரே இல்ல, டாக்டர். நல்லா இருக்கிற பிள்ளைக்குத்தான் இன்னைக்கு இருபது யூனிட் ஏத்தியிருக்கு. அந்த ரத்தம் வேற ஒரு பிள்ளையோடது. தினம் காலையில பாட்டில்ல வந்த ஒன்னுக்கும் அந்தப் பிள்ளையோடதுதான். குண்டா இருக்குன்னதும் நீங்க யாரும் மறுபேச்சுப் பேசாம நம்பிட்டீங்க."

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற இனிப்புநீர்ல உடம்பு மெலியும். இதை நானே பத்து மேடையில பேசியிருக்கேன்," என்றார். அந்த மனிதருக்கு அன்றைக்கு விழுந்த அடி அது.

"நெஜ மருந்து விலைக்குப் போகல," என்று பத்துமலை தொடர்ந்தார். "அந்த இன்னொரு பிள்ளைக்குப் போயிருக்கு. காளியம்மா பேரைச் சொல்லி மருந்து வரவழைச்சு, காளியம்மாவுக்குத் தண்ணியப் போட்டு, மருந்தை யாரோ தன் பிள்ளைக்குப் போட்டிருக்காங்க. நேத்து சாயங்காலம் ஐஸ்பெட்டி பூட்டியாச்சு, பழைய பாட்டில் எல்லாம் நர்ஸ் பைக்குப் போயிருச்சு. இன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு மருந்து இல்ல." அவர் ஜீப்பைப் பார்த்தார். "மிச்சம் இருந்ததை நான் எடுத்து ஜீப்புல வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். எவ்வளவு நேரம் தாங்கும்?"

"கடைசி ஊசி நேத்துக் காலையில. பத்து யூனிட் ஒரு நாள் தாங்கும். இப்ப முப்பது மணி நேரம் ஆச்சு. வாந்தி எடுக்க ஆரம்பிச்சிருக்கும். சாயங்காலத்துக்குள்ள மயக்கம் வந்துட்டா, என்னால உத்தரவாதம் சொல்ல முடியாது."

பகல் மணி 12.45.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கிராணி சதாசிவம், தோட்டத்து ஆபீஸில் பேரேடு எழுதும் அதே முத்து முத்தான கையெழுத்தில், பெயர்களை எழுதி டிக் அடித்தார். ஒவ்வொரு பிள்ளையின் சிறுநீரும் டாக்டரின் கண் முன்னாலேயே நீலத் திரவத்தில் கலந்து காய்ச்சப்பட்டது. காளியம்மாவை விட்டு இருபத்தேழு பிள்ளைகள். இருபத்தேழும் நிறம் மாறாமல் நீலமாகவே இருந்தன, ஒன்றிலும் இனிப்பு இல்லை.

"மிச்சம் மூணு பேரு?" பத்துமலை கேட்டார்.

கிராணி சதாசிவம் பேனாவை மூடினார், திறந்தார். "ஒன்னு, சன்னாசி மக தவமணி. வீட்டுல அம்மை போட்டிருக்கு. வாசல்ல நின்னு கேட்டேன். வெள்ளிக்கிழமையே ஆத்தா எறங்கிட்டான்னு சன்னாசி சம்சாரம் செல்லாயி சொன்னுச்சு."

"அம்மை போட்ட பிள்ளையை மத்த பிள்ளைங்களோட சேர்க்க வேணாம்," என்றார் டாக்டர். "மத்த ரெண்டு?"

"எம் பசங்க. பாகான் செராய்ல, அவங்க மாமா வீட்டுல."

"எப்பப் போனாங்க?"

"நேத்து சாயங்காலம்."

"நர்ஸ் வந்து ஐஸ்பெட்டியைப் பூட்டின அதே சாயங்காலமா?"

சதாசிவத்துக்கு வியர்த்தது. "ஐயா, மறுபடி ரத்தம் எடுக்க வந்திருக்காங்கன்னு ரெண்டும் அழுதுச்சுங்க. எஞ்சம்சாரம் பஸ் ஏத்தி விட்டுருச்சு."

"குப்பியில ஒட்டுன பேரெல்லாம் எழுதினது யாரு?"

"நான்தான். ஆனா பிளாஸ்திரியில எழுதிக் கொடுத்ததோட சரி. ஒட்டுனது ஆயா."

டாக்டருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. பெயர் எழுதியவர் இவர், பிள்ளைகளை ஊரைவிட்டு அனுப்பியவரும் இவர். பாகான் செராய்க்குப் போக இரண்டு மணி நேரம் ஆகும். கிராணியிடம் அந்த மாமா வீட்டு டெலிபோன் நம்பர் இல்லை. மருந்துக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு டாக்டர் ஜீப்பில் ஏறினார். பின்னால் சதாசிவம் சாமிகளை வரிசையாகக் கூப்பிட்டபடி ஏறினார். மணி 1.50.

பகல் மணி 1.55.

தோட்டத்து வாசலைத் தாண்டி, ஜெலாப்பாங் சாலையில் ஏறும் முனையில் ஒரு சோற்றுக் கடை. ஜீப் திரும்புவதற்காக வேகம் குறைத்தபோது, கடைக்காரி கொதிக்கும் எண்ணெயில் கடுகைப் போட்டாள். பத்துமலையின் வயிறு மறுபடியும் சத்தம் போட்டது.

"நிறுத்து!" என்றார்.

"இன்ஸ்பெக்டர், இப்பவா சாப்பாடு?" டாக்டர் கத்தியேவிட்டார்.

பத்துமலை லயத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கடைசிக்கு முந்திய அடுப்படி. கடைசிக்கு முந்திய வாசல். இரண்டும் ஒரே வீடு.

"டாக்டர், உங்க வீட்டுல யாருக்காச்சும் அம்மை போட்டிருக்கா?"

"சின்ன வயசுல எனக்குப் போட்டிருக்கு. எதுக்கு?"

"அப்ப உங்க வீட்டுல அம்மா தாளிச்சாங்களா?"

"எங்க வீட்டுல தாளிக்கிறதாவது! தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் எண்ணெய்ச் சட்டியையே வைக்க..." டாக்டரின் வாய் அப்படியே நின்றது.

"ஜீப்பைத் திருப்பு," என்றார் பத்துமலை. "போற வழியில அந்த நர்ஸையும் ஏத்திக்க."

பகல் மணி 2.10.

வேப்பிலைக் கொத்துக்குக் கீழே, நிலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு செல்லாயி நின்றாள். லயமே வாசலுக்கு வந்துவிட்டது. புருஷன் சன்னாசி ஒன்றும் புரியாமல் விழித்தான்.

"உள்ள வராதீங்கய்யா. ஆத்தா இருக்கா."

பத்துமலை காலணியைக் கழற்றினார். "ஆத்தா இருந்தா வெளியவே விழுந்து கும்பிட்டுட்டுப் போயிருவேன், அக்கா. எப்ப எறங்குனா?"

"வெள்ளிக்கிழம."

"வெள்ளிக்கிழமை அம்மை போட்ட வீட்டுக்காரி, ஞாயித்துக்கிழமை காலையில ஆஸ்பத்திரிக்கு வந்து சிரிஞ்சு காய்ச்சினியா? எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தியா? அம்மை வீட்டு வாசலைத் தாண்டி யாரு வருவா, அக்கா?"

செல்லாயி நிலையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பிள்ளைங்கள எல்லாம் டெஸ்டு பண்ணப் போறாங்கன்னு நான் போன்ல பேசுனதைக் கேட்டே. தலைவலின்னு ஓடியாந்து வேப்பிலை கட்டுன. ஆனா அடுப்புல உம் மூத்த மக கருவாட்டைப் போட்டு வறுத்துக்கிட்டிருந்துச்சு. அந்தச் சட்டிய எறக்கச் சொல்ல மறந்துட்ட. ஆத்தா வந்த வீட்டுல கடுகு வெடிக்குமா? இந்த லயத்துல இருக்கிற அத்தனை பேருக்கும் அந்த வாடை வந்துச்சு. ஞாயித்துக்கிழமை, எல்லா வீட்டுலயும் அதே வாடை, அதனால யாருக்கும் உறைக்கல. நானும் வேடிக்கை பார்த்துட்டுக் கும்பிட்டுட்டுப் போனேன்."

கூட்டத்தில் யாரோ, "அட ஆமா," என்றார்கள்.

"குப்பியில பேரு ஒட்டுனது நீ. தினம் ஒன்னுக்குப் பாட்டில் கொண்டாந்தது நீ. டிரசர் கையில மருந்து பாட்டிலைக் கொடுத்தது நீ. உம் பிள்ளைக்கு இனிப்புநீர்னு உனக்கு முந்தியே தெரியும். பன்னெண்டு வருஷமா அந்த நீலத் தண்ணி சிவக்கிறதைப் பார்த்தவ நீ. வீட்டுலயே காய்ச்சிப் பார்த்திருப்ப. காளியம்மாவுக்குத் தண்ணிதானே, ஒன்னும் ஆகாதுன்னு நெனச்ச. நேத்து ஐஸ்பெட்டிக்குப் பூட்டு வரும்னு நீ நெனைக்கல."

ஜெயபாலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்தார்.

"இல்ல," என்றாள் செல்லாயி. "எம் பிள்ளைக்கு ஒன்னுமில்ல. எங்க வம்சத்துலயே யாருக்கும் கெடயாது." அவள் யாருக்காக அப்படிச் சொன்னாள் என்பது லயத்துக்கே தெரியும். மூத்த மகளுக்கு ஆவணியில் முகூர்த்தம். மாப்பிள்ளை வீடு சித்தியவானில். பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. இனிப்புநீர்க் குடும்பம் என்று ஒரு சொல் அங்கே போய்ச் சேர்ந்தால் போதும். அந்த ஒரு மாதத்தை எப்படியாவது தள்ளிவிடலாம் என்றுதான் இத்தனையும் செய்திருந்தாள். அதற்காக இந்த நிமிடத்திலும் நிலையை விட்டுக் கை எடுக்க அவளால் முடியவில்லை. பத்துமலைக்கு அவள்மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

உள்ளே யாரோ வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம்.

அடுப்படியிலிருந்து மூத்தவள் வந்தாள். அம்மாவின் தலைக்கு மேல் கையை நீட்டி வேப்பிலைக் கொத்தைப் பிய்த்து வெளியே எறிந்தாள். "வழிய விடும்மா. தங்கச்சி பேசமாட்டேங்குறா," என்றாள்.

செல்லாயியின் கைகள் தாமாக இறங்கின.

பகல் மணி 2.20.

தவமணி பாயில் சுருண்டு கிடந்தாள். பன்னிரண்டு வயது. பாவாடை இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் மூன்று செம்பு காலியாகக் கிடந்தது. அவள் மூச்சில் அழுகிய பழத்தின் வாடை அடித்தது. டாக்டர் மண்டியிட்டு நாடியைப் பிடித்தார், இமையை விரித்துப் பார்த்தார்.

"நினைவு இருக்கு. பாகான் செராய் போயிருந்தா வீணாப் போயிருக்கும்," என்றார். "இப்ப ஒரு ஊசி. அப்புறம் நேரா ஈப்போ. பிழைச்சுக்கும்."

டாக்டர் குடுவையைத் திறந்தார். பத்துமலை அவர் கையைத் தடுத்தார். "நர்ஸ் போடட்டும், டாக்டர். எல்லாரும் பார்க்கட்டும்."

வாசலிலும் ஜன்னலிலும் லயம் அடைத்துக்கொண்டு நின்றது. காலையில் அவளுடைய சட்டையைக் கிழித்தவர்களும் அதில் இருந்தார்கள். நல்லம்மாள் மருந்தை இழுத்தாள், வெளிச்சத்தில் அளவு பார்த்தாள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, பாவாடையை ஒதுக்கி, இடது தொடையில் பஞ்சை வைத்தாள்.

"அதுல வேணாம்மா."

செல்லாயியின் குரல். அவள் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை, மகளின் காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்துக் காலையில அதுலதான் போட்டேன். தடிச்சிருக்கு. வலதுல போடும்மா. மெதுவாப் போடு, அவ பயந்துக்குவா."

பத்துமலை புத்தகத்தை எடுத்து அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். மணி 2.24.

"சரிக்கா," என்றாள் நல்லம்மாள். பஞ்சை வலது தொடைக்கு மாற்றினாள்.